தூத்துக்குடி – தேரிக்காடு குடும்பச் சுற்றுலாத் திட்டமிடல்

தூத்துக்குடி – தேரிக்காடு குடும்பச் சுற்றுலா என்பது, தூத்துக்குடி மாநகரின் கடற்கரை, பேராலயம், உணவகங்கள் போன்ற நகரப் பொழுதுபோக்குகளையும், அதே மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள செம்மணல் தேரிகளையும் ஒரே பயணத்தில் இணைத்துப் பார்ப்பதாகும். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரையும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையும் சேர்த்துப் பார்ப்பதுபோல, ஒரு நாள் நகரம், மறுநாள் பாலை நிலம் என்று அமைக்கப்படும் பயணத்திற்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடம் இதுவாகும். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மட்டுமே.

தொலைவு குறைவு என்பதால் பலர் திட்டமிடாமலேயே புறப்பட்டுவிடுகின்றனர். திருச்செந்தூரில் காலை வழிபாட்டை முடித்துவிட்டு, சிற்றுண்டி அருந்தி, நண்பகலை ஒட்டித் தேரிக்குள் இறங்குவது வழக்கமாகக் காணப்படும் தவறாகும். தேரியில் மிகக் கடுமையான நேரம் அதுவே. எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்திற்கும் இப்பயணம் எளிதாக அமையும்.

தேரி என்றால் என்ன?

தேரி என்பது காற்றால் குவிக்கப்பட்ட செம்மணல் மேடாகும். தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி ஆகியவை பெரியவை. திருச்செந்தூர், காயாமொழி, உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களைச் சுற்றி இவை பரவியுள்ளன.

மணலின் சிவப்பு நிறத்திற்கு இரும்பே காரணம். இம்மணலில் வெண்ணிறக் குவார்ட்சுத் துகள்களுடன் இல்மனைட்டு, மேக்னடைட்டு, கார்னெட்டு போன்ற கன கனிமங்களும் கலந்துள்ளன. இக்கனிமங்கள் நீண்ட காலமாகச் சிதைவுற்று, அவற்றிலிருந்து வெளிப்பட்ட இரும்பு காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து, துருவைப் போன்ற மெல்லிய சிவப்புப் படலமாக ஒவ்வொரு மணல் துகளின் மீதும் படிந்துள்ளது. கையில் அள்ளிப் பார்த்தால் கடற்கரை மணலைவிட நுண்மையாகவும், விரல்களில் நிறம் ஒட்டுவதாகவும் இருக்கும்.

தேரி பாலைவனம் என்று அழைக்கப்பட்டாலும் மழையே பெய்யாத நிலம் அன்று. வடகிழக்குப் பருவமழை இங்கும் பெய்கிறது. பெய்த நீர் மேற்பரப்பில் நிற்காமல் மணலுக்குள் விரைவாக இறங்கிவிடுவதால் மேல்மண் எப்போதும் வறண்டு காணப்படுகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் வறண்ட காற்று, மணலை அள்ளிக்கொண்டு கிழக்கு நோக்கி வீசுகிறது. இதனால் மேடுகளின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். மணல் நகர்ந்து ஊர்களையும் வயல்களையும் மூடாமல் இருக்கப் பனை, முந்திரி, உடை போன்ற மரங்கள் வளர்க்கப்படுகின்றன.

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, வேறு நிலங்கள் வறண்டு திரிவதே பாலை என்பது தமிழ் இலக்கிய மரபு. நெய்தல் நிலமாகிய கடற்கரைக்கு மிக அருகிலேயே பாலையின் தோற்றத்தைக் கொண்ட தேரி அமைந்திருப்பது, திணைகளைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு நேரில் காட்டத்தக்க எடுத்துக்காட்டாகும்.

பள்ளத்தாக்கு உண்டா?

கிராண்ட் கேன்யன் போன்ற பாறைப் பள்ளத்தாக்கு இங்கு இல்லை. சில இடங்களில் மழைநீர் மணல் மேட்டை அறுத்து உண்டாக்கிய ஓடைகளும் செங்குத்தான சிறு கரைகளும் காணப்படுகின்றன. விசாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள எர்ர மட்டி திப்பலு என்னும் செம்மணல் மேடுகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. அங்கு ஓடைகள் ஆழமாக அறுபட்டுப் பள்ளத்தாக்கின் தோற்றத்தைத் தருகின்றன. தேரியின் சிறப்பு ஆழத்தில் அன்று, அலையலையாகப் பரந்து கிடக்கும் செம்மணல் வெளியில் உள்ளது. இதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

ஓடைகளின் கரைகள் இறுகிய பாறையால் ஆனவை அல்ல. அடிப்பகுதியைத் தோண்டினாலோ, விளிம்பில் ஏறி நின்றாலோ மணல் சரியக்கூடும். ஆகவே கரைக்குக் கீழே அமர்வதையும், குழந்தைகள் அங்குக் குழி தோண்டி விளையாடுவதையும் தவிர்க்க வேண்டும்.

பயணத்திற்கு ஏற்ற காலம்

சனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் ஏற்றவை. மழை ஓய்ந்து, வெயில் கடுமையடையாமல், காற்றும் மிதமாக இருக்கும். மார்ச்சு முதல் வெயில் கூடுகிறது. ஆயினும் பனையிலிருந்து பதநீரும் நுங்கும் கிடைக்கும் பருவம் கோடையே என்பதால், அதிகாலையில் மட்டும் தேரியைப் பார்ப்பதாக இருந்தால் ஏப்ரல் மாதத்திலும் வரலாம்.

மே இறுதி முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று பலமாக வீசும். பறக்கும் மணல் கண்ணிலும் மூக்கிலும் புகும். ஈளை உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இக்காலத்தில் தேரிக்குள் செல்லாமல் இருப்பது நல்லது.

அக்டோபர் முதல் திசம்பர் வரை மழைக்காலம். 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி – திருச்செந்தூர் வழித்தடத்தில் உள்ள ஊர்கள் வெள்ளத்தில் சூழப்பட்டன. ஆகவே இம்மாதங்களில் வருபவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

திருவிழா நாட்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஆண்டுதோறும் சூலை 26 முதல் ஆகத்து 5 வரை நடைபெறுகிறது. திருச்செந்தூரில் ஐப்பசி மாதக் கந்த சட்டி, தைப்பூசம், வைகாசி விசாகம் ஆகிய நாட்களிலும், குலசேகரன்பட்டினத்தில் தசராவின்போதும் பெருங்கூட்டம் கூடும். பங்குனி உத்திரத்தன்று சாத்தா, அய்யனார் கோயில்களுக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். திருவிழாவைக் காண்பதே நோக்கமானால் இவை சிறந்த நாட்கள். அமைதியான சுற்றுலா வேண்டுவோர் இந்நாட்களைத் தவிர்க்கலாம்.

முதல் நாள்: நகரம்

சென்னையிலிருந்து வரும் முத்துநகர் விரைவு வண்டி காலையில் தூத்துக்குடியை அடைகிறது. விமானத்தில் வருவோர் வாகைகுளம் விமான நிலையத்தில் இறங்கலாம். இரவுப் பயணம் செய்து வந்த குழந்தைகளை அன்றே தேரிக்கு அழைத்துச் செல்லாமல், முதல் நாளை நகரத்திற்கு ஒதுக்குவது நல்லது.

காலையில் கடற்கரைச் சாலையில் உள்ள பனிமய மாதா பேராலயத்தைப் பார்க்கலாம். போர்த்துக்கீசியர் காலத் தொடர்புடைய இவ்வழிபாட்டு மரபின் தற்போதைய ஆலயம் 1713-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1982-ஆம் ஆண்டில் பேராலயமாக உயர்த்தப்பட்டது. இதனை அடுத்துள்ள பழைய துறைமுகப் பகுதியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகளின் மரபு இன்றும் தொடர்கிறது. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதும் இத்துறைமுகத்தின் வரலாறாகும். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதன் உட்பகுதிக்குள் முன் அனுமதி இன்றிச் செல்ல இயலாது.

முத்து வாங்க விரும்புவோர் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கடலில் கடைசியாக முத்துக்குளித்தல் நடைபெற்றது 1961-ஆம் ஆண்டிலாகும். அதன் பிறகு முத்துச்சிப்பிகள் போதிய அளவில் பெருகாததால் முத்துக்குளித்தல் நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் சிப்பிகளில் உருண்டை முத்துகளை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டது. எனவே, இக்கடலில் அண்மையில் குளித்தெடுத்த முத்து என்று கூறி விற்கப்படுவதை நம்பி வாங்கக்கூடாது. சங்கு குளித்தல் இன்றும் தொழிலாக உள்ளது.

நண்பகலில் விடுதியில் ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் முயல் தீவுக் கடற்கரைக்கோ ரோச் பூங்காவிற்கோ செல்லலாம். போகும் வழியில் உப்பளங்களில் வெள்ளைக் குவியல்களாக உப்பு சேர்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவிற்குள் அடங்கும் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் அனுமதியின்றி இறங்கக்கூடாது. படகு வைத்து அழைத்துச் செல்வதாகக் கூறுவோரை நம்பிச் செல்வது சட்டச் சிக்கலை உண்டாக்கும்.

இரவு உணவிற்குப் பரோட்டாக் கடைகள் உள்ளன. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு ஆகியவற்றால் செய்யப்படும் மக்ரூன் இந்நகரின் அடையாளமான இனிப்பாகும். அது ஈரக் காற்றில் இளகிவிடும். ஆகவே ஊருக்கு வாங்கிச் செல்வோர் கடைசி நாளில் வாங்கி, காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டும். மறுநாள் அதிகாலையில் புறப்பட வேண்டியிருப்பதால் இரவு உணவை நேரத்தோடு முடித்து உறங்கச் செல்வது இத்திட்டத்தின் முக்கியப் பகுதியாகும்.

இரண்டாம் நாள்: தேரி

அதிகாலை 4.45 மணிக்குப் புறப்பட்டால், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூரை அடைந்து, அங்கிருந்து காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்பிற்குக் கதிரவன் உதிக்கும் நேரத்தில் சென்றுவிடலாம். இங்குத் தேரியின் நடுவே கற்குவேல் அய்யனார் கோயில் உள்ளது. வண்டியை நிறுத்தவும், முதியவர்கள் நிழலில் அமரவும் ஏற்ற இடம் இதுவே.

தேரி நடைக்கு இரண்டு மணி நேரம் போதுமானது. காலை 6 மணி முதல் 8 மணி வரை மணல் குளிர்ந்திருக்கும். இரவில் ஊர்ந்து சென்ற வண்டுகள், ஓணான்கள், பறவைகள் ஆகியவற்றின் தடங்கள் கலையாமல் இருக்கும். ஒவ்வொரு தடமும் எந்த உயிரினத்தினுடையது என்று கண்டறிவது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டாகும். சாய்ந்த ஒளியில் மணலின் அலைவரிகளும் தெளிவாகத் தெரிவதால் ஒளிப்படம் எடுக்கவும் இந்நேரமே சிறந்தது.

தேரியில் நுண்கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. சாய்னர், ஆல்ச்சின் ஆகியோர் திருநெல்வேலிப் பகுதித் தேரிகளின் நுண்கற்கருவித் தளங்கள் பற்றி 1956-ஆம் ஆண்டில் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் இம்மணல் மேடுகளில் தங்கியிருந்ததை இக்கருவிகள் காட்டுகின்றன. கூர்மையான சிறு கற்களைக் கண்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். இடம் மாறிய கருவி தன் வரலாற்றை இழந்துவிடும்.

நடை முடிந்ததும் மேலப்புதுக்குடியில் உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குச் செல்லலாம். வறண்ட தேரிப் பகுதியில் நன்னீர்ச் சுனையுடன் அமைந்த கோயில் இது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இச்சுனையே விடையாகும்.

பிறகு திருச்செந்தூரில் சிற்றுண்டி, வழிபாடு, நண்பகல் ஓய்வு ஆகியவற்றை முடித்து, மாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தெற்கேயுள்ள மணப்பாட்டிற்குச் செல்லலாம். கடலுக்குள் நீண்டிருக்கும் மேட்டின் மீது 1581-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவை ஆலயமும், அதன் அருகே புனித பிரான்சிசு சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகையும் உள்ளன. திரும்பும் வழியில் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டியை வாங்கலாம்.

காலையில் தேரிக்குச் செல்ல இயலாதவர்கள் மாலை 4 மணிக்குப் பின் செல்லலாம். ஆனால் கதிரவன் மறைவதற்குள் சாலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பாதுகாப்பு

தேரியில் வழி தவறுவது எளிது. மேடுகள் ஒன்றுபோலவே இருக்கும், காற்று காலடித் தடங்களை அழித்துவிடும். இரண்டு மேடுகளைத் தாண்டினால் கோயிலும் சாலையும் கண்ணில் படாது. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது.

• இறங்கும் முன் கைபேசி வரைபடத்தில் வண்டி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியை மட்டும் நம்பாமல் சாலை எத்திசையில் உள்ளது என்பதையும், கதிரவன் எப்பக்கம் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.
• ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகளுக்கு மேல் பொறுப்பளிக்கக்கூடாது. கண்ணாமூச்சி விளையாட்டைத் தேரியில் தவிர்க்க வேண்டும்.
• இரண்டு மணி நேர நடைக்கு ஒருவருக்கு ஒரு லிட்டர் குடிநீராவது வேண்டும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும்.
• காலணி மூடியதாக இருக்க வேண்டும். உடைமரத்தின் நீண்ட முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும். புதர்களின் அடியில் பாம்பும் தேளும் இருக்கலாம்.
• வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கக்கூடாது. மணலில் சக்கரம் புதைந்தால் இழுத்து மீட்பது கடினம்.
• தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறி, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவிழந்தவருக்குத் தண்ணீர் புகட்டக்கூடாது.

தேரியைப் பேணுதல்

தேரியைக் கேட்பாரற்ற பொட்டல் காடு என்று எண்ணுவது பெரும் பிழையாகும். முதலாவதாக, இது நீர்த்தேக்கம். மணல் உறிஞ்சும் மழைநீரே தேரியின் விளிம்பில் உள்ள கிணறுகளுக்கு ஊற்றாகிறது. வாழை, தென்னை, முருங்கை ஆகியவை அந்நீரை நம்பியே பயிராகின்றன. நிலத்தடி நீர் குறைந்தால் கடல்நீர் உட்புகும் என்பதால், கடலோரமான திருச்செந்தூர், உடன்குடி வட்டாரங்களுக்குத் தேரி ஓர் அரணாகும். சாத்தான்குளம் பகுதியில் டைட்டானியம் எடுக்கும் திட்டம் 2007-ஆம் ஆண்டில் பேசப்பட்டபோது மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்ததற்கு நிலத்தோடு இந்நீரும் ஒரு காரணமாகும்.

இரண்டாவதாக, தேரிக் கோயில்கள் பல குடும்பங்களின் குலதெய்வக் கோயில்களாகும். கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைத் திருவிழாவின் இறுதியில் கள்ளர் வெட்டு நடைபெறும்போது, தேரி மணலையே பக்தர்கள் அள்ளிச் சென்று வீட்டில் வைத்துப் போற்றுகின்றனர். அவர்கள் வெறுங்காலுடன் நடக்கும் மணலில் கண்ணாடிப் புட்டிகளை உடைத்துப் போடுவது ஊறு விளைவிக்கும்.

மூன்றாவதாக, தேரியின் சில பகுதிகள் வனத்துறையின் காப்புக்காட்டிற்குள் உள்ளன. அங்கு அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், மரங்களை வெட்டுவதும் குற்றமாகும். தனியார் முந்திரித் தோப்புகளிலும் பனந்தோப்புகளிலும் உரிமையாளரைக் கேட்டே நுழைய வேண்டும். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட விண்வெளி ஏவுதளப் பகுதிக்கு உள்ளே செல்ல அனுமதி இல்லை.

செலவும் போக்குவரத்தும்

இப்பயணத்தில் பெருஞ்செலவு வண்டி வாடகையே. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தினால் செலவு பாதியாகக் குறையும். வாடகை பேசும்போதே அதிகாலைப் புறப்பாடு, காத்திருப்பு நேரம், மணப்பாடு வரை செல்வது ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் செல்வோர் முதல் நாள் இரவே திருச்செந்தூரில் தங்கினால், அங்கிருந்து காயாமொழிப் பக்கம் செல்லும் பேருந்திலோ ஆட்டோவிலோ காலையில் தேரியை அடையலாம். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தேரியைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

மூன்றாம் நாள் இருந்தால்

கூடுதலாக ஒரு நாள் உள்ளவர்கள் கொற்கையையும் ஆதிச்சநல்லூரையும் சேர்த்துக்கொள்ளலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாகப் புகழ்பெற்ற கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போனதால் இன்று சில கிலோமீட்டர் உள்ளே வயல்கள் சூழ்ந்த சிற்றூராக உள்ளது. ஆதிச்சநல்லூரில் இரும்புக்கால மக்களின் முதுமக்கள் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. முந்தைய நாள் காற்று நகர்த்திய மணலைத் தேரியில் பார்த்த குழந்தைகளுக்கு, ஆற்று வண்டல் ஒரு துறைமுகத்தையே உள்நாட்டு ஊராக மாற்றிய செய்தி எளிதில் விளங்கும்.